ஐநூற்று முப்பதாவது செரீன்

செவ்வாய்க்கிழமைகளில் இறைச்சிக்கூடத்துக்குப் போவேன்.
மொந்தெவிதேயோவிலிருந்து ஒன்றரை மணிநேரம்,
ஜூலைக் குளிர், கண்ணாடியில் படியும் மூச்சு,
பின்னிருக்கையில் பனிக்கட்டிப் பெட்டி.
வில்மார் எனக்காக எடுத்து வைத்திருப்பான்
கிடாக்களின் விந்துப்பைச் சுரப்பிகளை:
பழுக்காத அத்தி போல வெளிறி, முண்டு முண்டாக.
"டாக்டரம்மா, இதை வைத்து என்னதான் சமைக்கிறீர்கள்?"
நான் டாக்டர் இல்லை, குழாய் கழுவுகிறவளும் நான்தான்
என்று பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

"நொதி எடுக்கிறோம்.
உன் முழங்காலை வீங்கவைக்கிறதே, அதே நொதி."
அவன் குனிந்து தட்டிப் பார்த்தான்,
ஈரத்தரையில் வயதான முழங்காலை.
"அப்போ கிடாக்களுக்கும் மூட்டுவலியா?"
சிரித்தோம். மாத்தே கசப்பாக, சூடாக,
ஒரே உறிஞ்சுகுழலில் இருவருக்கும்.

ஆய்வகத்தில் அரைத்து, வடித்து, சுழற்றி
வாரக்கடைசியில் மிஞ்சுவது
விரல்நுனி ஆழத்துக்குக் கலங்கல் நீர்.
அதில் கோடானுகோடிச் சுரங்கங்கள்.
காயம் பட்ட செல்லின் சவ்விலிருந்து
கழன்று வந்த கொழுப்பமிலம்
தலை நுழைத்து, இடுப்பை வளைத்து, உள்ளே போகும்.
வெளியே வரும்போது அதற்கு வேறு பெயர்,
வேறு உத்தரவு:
சிவக்கச் செய், கொதிக்கச் செய், நோகச் செய்.

அந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும்.
ஆகவே நான் ஆக்சிஜனை அளக்கிறேன்.
தாளில் பேனா இறங்கும்
சரிவில் ஆடு இறங்குவது போல.

பிறகு ஆஸ்பிரின், ஒரு சொட்டு.
காத்திருப்பேன்.
சுரங்கத்தின் பாதிவழியில்
ஐநூற்று முப்பதாவது இடத்தில் ஒரு செரீன்.
ஆஸ்பிரின் தன் உடம்பில் ஒரு துணுக்கைப் பிய்த்து
அதன்மேல் ஒட்டிவிட்டுப் போய்விடும்.
இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், மூன்று ஹைட்ரஜன்.
தொண்டையில் மீன்முள்.
இனி எந்த அமிலமும் உள்ளே வராது.
பேனா நிற்கும். கோடு படுக்கும்.
ஆஸ்பத்திரியில் அப்படிக் கோடு படுத்தால்
ஆட்கள் ஓடி வருவார்கள்.
இங்கே நான் தேதி போட்டுக் கையெழுத்திடுவேன்:
நேலிடா எச்செவெரி.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், எனக்கு எதுவும் எடுத்துவைக்கவில்லை.
கத்தி தீட்டிக்கொண்டிருந்த பையன் சொன்னான்:
வில்மார் ரத்தமாக வாந்தி எடுத்தார்,
கறுப்பாக, காப்பிப்பொடி மாதிரி.
நாளைக்கு எட்டு ஆஸ்பிரின். வெறும் வயிற்றில்.
மாசக்கணக்காக.

அதே நொதி என்றேன் அவனிடம்.
அதே நொதி இல்லை.
முழங்காலில் கூச்சல் போடுவது பெரும்பாலும் இளையது.
கிடாயிடமிருந்து நான் எடுப்பது மூத்தது;
இரைப்பையின் உட்சுவரை
அதன் சொந்த அமிலமே தின்றுவிடாமல்
ராப்பகலாக மெழுகிக்கொண்டிருப்பது.
முகம் ஒன்று, சுரங்கம் ஒன்று, ஒரு பருக்கை வித்தியாசம்.
மாத்திரை ஆள் பார்ப்பதில்லை.
எளிமையாக இருக்கட்டும் என்று
பாதியைத்தான் சொன்னேன்.
மீதிப் பாதி அவன் வயிற்றில் இருந்தது.

சான் ஹோசே ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.
"மாத்தே கூடாதாம்" என்றான் முதலில்.
பிறகு, "எப்போ சரியாகும்?"
பழைய தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது,
அடைத்த நொதிக்குப் பதில் புதிது செய்யத் தெரியாது,
அவை அப்படியே கிழடாகிச் சாக வேண்டும்,
புதியவை பிறக்க வேண்டும் என்றேன்.
இந்தமுறை முழுவதும் சொன்னேன்.
"எத்தனை நாள் என்று கேட்டேன்."
"பத்து."
தலையாட்டினான். ஜன்னலைப் பார்த்தான்.
"பையன் சரியாக அறுக்கிறானா, சுரப்பி கிழியாமல்?"

கீழே வந்தபோது கட்டைவிரல் துடித்தது,
பதினெட்டு வருடம் பிப்பெட் அழுத்திய விரல்.
பையில் மாத்திரை இருந்தது.
முதலில் ஒரு ரொட்டி வாங்கினேன்.